குடிவராத வீடுகளின் பதில்கள்

வணிகவியல் துறையில் அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘எதுக்கு மேடம்’. யாராவது ஒரு கேள்வித்தாளை எழுதிக்கொண்டு போய் நீட்டினால் போதும், முதல் கேள்வியின் மேல் பேனாவை ஊன்றி, “இதை எதுக்குக் கேக்கறே?” என்பாள்.

“வயசு தெரிஞ்சுக்க மேடம்.”

“தெரிஞ்சு?”

“சும்மா… இருக்கட்டும்னு.”

“இருக்கட்டும்னு வயசைக் கேக்க நீ என்ன, பொண்ணு பார்க்கவா போறே?”

வகுப்பு சிரிக்கும். கேள்வி அடிபடும்.

அவள் நடத்திய பாடத்துக்குப் பாடத்திட்டத்தில் வாய் வலிக்கிற மாதிரி ஒரு பெயர் இருந்தது. விஷயம் எளிமையானது. ஒரு வியாபாரத்தில் முடிவெடுப்பதற்கு முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை யாரிடம் கேட்க வேண்டும், கேட்டதை எப்படி அடுக்கினால் புத்தியில் ஏறும் என்று சொல்லிக்கொடுப்பது. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் ஒரு கெட்டிக்காரன் எழுந்து, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ஒப்பிப்பான். “சரி. ‘தீர’ன்னா எத்தனை பேரை? எந்த நேரத்துல? கதவைத் திறக்காதவனை என்ன பண்ணுவே?” என்று கேட்பாள். கெட்டிக்காரன் உட்கார்ந்துவிடுவான்.

இதெல்லாம் புத்தகத்தில் படித்து வந்ததல்ல. வாத்தியார் வேலைக்கு வருமுன் ஒரு சோப்புக் கம்பெனிக்காக வீடு வீடாகப் போனவள். நாய் துரத்தியிருக்கிறது. விற்க வந்தவள் என்று நினைத்து வாசலிலேயே விரட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக் கிழவர் சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், தன் பிள்ளைகள் யாரும் வந்து பார்ப்பதில்லை என்று மதியம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் படிவத்தின் ஓரத்தில் எழுதி வைத்தாள். அப்படி அலைந்தவள் என்பதால், அலையாமல் எழுதியதை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

“நிஜமாவே வீட்டு வாசல்ல உக்காந்து தொடையில வெச்சு எழுதின பேப்பர் தொடை மாதிரியே வளைஞ்சிருக்கும். சுவத்துல வெச்சு எழுதினா பேனா நடுவுல பேப்பரைப் பொத்துடும். நிஜ மனுஷங்க முதல் கேள்விக்கு ஒண்ணு சொல்லிட்டு ஏழாவது கேள்விக்கு அதுக்கு நேர்மாறா சொல்வாங்க. பாதியில அடுப்புல ஏதோ தீயுதுன்னு ஓடிடுவாங்க. நீங்க கேன்டீன்ல உக்காந்து உருவாக்குற மனுஷங்க இருக்காங்களே, ரொம்ப ஒழுங்கு. யாருமே திட்ட மாட்டாங்க. யார் வீட்லயும் பூட்டு தொங்காது.”

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குழு அப்படி உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பிக் கொடுத்த படிவங்களை வகுப்பின் முன்னால் இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். அதில் ஒருவன் அந்த ஆண்டு தேறவே இல்லை. அவனுடைய அப்பா துறைத்தலைவர் அறை வரை வந்து கெஞ்சிப் பார்த்தார். “ஒருத்தர் இதை நம்பிக் கடை வெச்சிருந்தா அவர் கதி என்னாகும் சார்?” என்று கேட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். கல்லூரி முழுவதும் அந்தக் கதை பரவியது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது அவளுக்கு.

அவளுடைய மாடி வீடு இரண்டு அறையும் ஒரு கூடமும் கொண்டது. மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது, அழுதுகொண்டே வழியனுப்பிவிட்டு வந்தவள், மறுநாளே அவன் அறையில் அளவெடுத்தாள். ஜன்னலோரம் ஒரு மேஜை போடலாம். அத்தனை வருஷமும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் விடைத்தாள்களை வைத்துத் திருத்தியவள். கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறையும் அதில் ஒரு மேஜையும் இருந்தால் போதும் என்பதைத் தவிர வாழ்க்கையிடம் அவளுக்குப் பெரிய கேள்வி எதுவும் பாக்கியில்லை.

மேஜைக்குச் சொல்லி அது வருவதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள்.

கணவரின் தங்கை. ஒற்றைப் பையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. வெளியே போகும்போது அவளை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறவன். திரும்பி வந்ததும் ஜன்னல் பக்கம் நின்றாயா என்று கேட்கிறவன். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “இனிமே நீ எங்கேயும் போக வேண்டாம்மா” என்று முதலில் சொன்னது ஆசிரியைதான். மனசாரத்தான் சொன்னாள். எத்தனை காலத்துக்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

மகன் அறை அவளுடையதானது. பிறகு தையல் மெஷின் வந்தது. நாத்தனாருக்குக் கை சுத்தம். பழைய பேன்ட்டை இறுக்குவது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததைத் தெரியாமல் தைப்பது என்று தெருவில் பேர் எடுத்தாள். மகன் அறை கொள்ளாமல் துணிகளும் மெஷினும் கூடத்துக்கு வந்தன. விடைத்தாளுக்கு நடுவே நூல் கிடந்தது. ஒருநாள் குண்டூசி ஏறி ஆசிரியையின் கட்டைவிரல் ஒரு வாரம் வீங்கியது.

“ஐயோ அண்ணி, நான் பார்க்கலையே!”

“பரவாயில்லம்மா” என்றாள். பிறகு சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை வைத்த சத்தம் தெரு வரை கேட்டது.

ரயில் பாதைக்கு அப்பால் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் புதிதாக எழும்பின. அவற்றின் வாசலில் ஒரு சின்னக் கடையும், பின்னால் படுக்க ஓர் இடமும் வாடகைக்கு வந்ததாகச் செய்தி கொண்டுவந்தவர் கணவர். மருந்துக்கடையில் நிற்கிறவர், ஊர்ச் செய்தி முழுக்க அவர் மேஜை வழியாகத்தான் போகும். “அங்க கடை வெச்சா ஓடுமா?” என்று தங்கை கேட்டாள். கணவர் மனைவியைக் கைகாட்டினார்.

“ஊருக்கெல்லாம் விசாரிச்சுச் சொல்றே. வீட்ல இருக்கறவளுக்குச் சொல்ல மாட்டியா? சீட்டு இல்லாம நான் மருந்து தரமாட்டேன், ஆதாரம் இல்லாம இவ பேச மாட்டா. அவளையே கேளும்மா.”

ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு கள ஆய்வு செய்ய வேண்டும். யாராவது ஒருவர் உண்மையிலேயே முடிவெடுக்கக் காத்திருக்க வேண்டும், அவருக்காகத்தான் விசாரிக்க வேண்டும் என்பது அவள் வைத்த விதி. அந்த ஆண்டு ஒரு குழுவுக்கு நாத்தனாரின் கடை கிடைத்தது. குழுத் தலைவனை எல்லோரும் ‘மேனேஜர்’ என்பார்கள். தன் வேலையையும் பிறரிடம் பிரித்துக் கொடுத்துவிட்டு மேற்பார்வை பார்க்கிறவன். “எல்லா வீட்டுக்கும் போங்கப்பா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இல்லேன்னு சொல்றவங்கதான் முக்கியம், அவங்களை விட்டுடாதீங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த வாரம் விடாமல் மழை பெய்தது.

மேனேஜர் படிவக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அன்று மாலை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பிரித்தாள். பத்துத் தாள் புரட்டுவதற்குள் தெரிந்துவிட்டது. தாள்கள் கடையில் வாங்கியபடி தட்டையாக இருந்தன. எதிலும் ஒரு சொட்டு மழை இல்லை. யாரும் பாதியில் எழுந்து போகவில்லை, யாரும் திட்டவில்லை, ஒரு கதவிலும் பூட்டு இல்லை. மூன்று கட்டடத்திலும் அத்தனை பேரும் தங்கள் துணிகளை அருகிலேயே திருத்திக்கொள்ள ஆசைப்பட்டார்கள். தையல்கூலி கொஞ்சம் அதிகமானாலும் பரவாயில்லை என்றார்கள்.

கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. கூடத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றது. “அண்ணி, உங்க ரூம்ல கொஞ்சம் வெட்டிக்கட்டுமா? இங்க தரையெல்லாம் துணி” என்று குரல் வந்தது.

“இரு, இதை முடிச்சுட்டு வரேன்” என்றாள்.

பேனாவை வைத்துவிட்டாள். கோடு போட்ட தாளை எடுத்து, ஆம் எத்தனை, இல்லை எத்தனை, ஒருவேளை எத்தனை என்று கூட்ட ஆரம்பித்தாள். பொய்யாக ஒரு எண்ணும் அவள் எழுதவில்லை. கொடுத்ததைக் கூட்டினாள், அவ்வளவுதான். அடுக்கிய பிறகு அது மிக அழகாக இருந்தது. அடுக்கினால் எதுவும் அழகாகத்தான் இருக்கும்.

மறுநாள் மேனேஜரைத் துறை அறைக்குக் கூப்பிட்டாள். கூடவே குழுவிலிருந்த ஒரு பெண்ணும் வந்தாள்.

“எல்லா வீட்டுக்கும் போனீங்களா?”

“போனோம் மேடம்.”

“மழையில?”

“குடை எடுத்துட்டுப் போனோம்.”

“ஒருத்தர்கூடக் கதவைச் சாத்தலையா?”

மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்தான். தப்பிப்போமா மாட்டோமா என்று கணக்குப் போடுகிற பார்வை. “நல்ல ஜனங்க மேடம்” என்றான். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் கொட்டியிருப்பாள்.

ஆசிரியை அந்தப் பெண்ணிடம் எதுவும் கேட்கவில்லை. “சரி, ரிப்போர்ட் எழுதுங்க” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழு வீட்டுக்கே வந்தது. கூடத்துச் சுவரில் படம் ஒட்டி, வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டி, மேனேஜர் விளக்கினான். நாத்தனார் டீ கொடுத்துவிட்டு நின்றபடியே கேட்டாள். தனக்காக இத்தனை பேர் பேசுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முடிவில் ஒன்றுதான் கேட்டாள்.

“ஏம்ப்பா, அங்க இருக்கறவங்க கிழிஞ்சா தைச்சுப் போடற ஆளுங்களா, தூக்கிப் போடற ஆளுங்களா?”

“அதெல்லாம் கேட்டிருக்கோம்க்கா. முக்கால்வாசிப் பேர் தைச்சுத்தான் போடறாங்க.”

“பெரிய வேலையெல்லாம் பார்க்கறவங்க, தைச்சா போடறாங்க?”

“பணக்காரங்கதான்க்கா கஞ்சம்” என்றான் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். கணவர் ரொம்பச் சிரித்தார்.

நாத்தனார் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க அண்ணி. போகலாமா?”

கூடத்தில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேனேஜரும்தான்.

“தகவல் நல்லா இருக்கு” என்றாள் ஆசிரியை.

குழுவுக்கு அந்த வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்தது.

நாத்தனார் சேர்த்துவைத்ததை எல்லாம் கொடுத்துக் கடையைப் பிடித்தாள். ஜன்னலோர மேஜை வந்து சேர்ந்தது. ஆசிரியை கதவைச் சாத்திக்கொண்டு முதல் கட்டு விடைத்தாளை அதில் திருத்தினாள். எவ்வளவு அமைதி என்று கணவரிடம் சொல்லலாம் என்று எழுந்தவள், சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

கடை திறந்த அன்று அவளும் கணவரும் போனார்கள். நாத்தனார் புதுப் பலகையைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். கணவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். முதல் இரண்டு கட்டடங்களின் மாடிகளில் துணி காய்ந்தது. மூன்றாவதில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. ஜன்னல் கண்ணாடிகளில் கம்பெனி ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது.

“இதுல யாருமே இல்ல போலிருக்கே?”

காவலாளி திரும்பினான். “இன்னும் யாரும் குடிவரல சார். லிஃப்ட்டே போடலியே.”

கணவர் மனைவியைப் பார்த்தார். “உன் பசங்க இங்கயும் விசாரிச்சதாத்தானே சொன்னாங்க?”

“வீடு வாங்கினவங்களை விசாரிச்சிருப்பாங்க” என்றாள் அவள். அவருக்கு அது போதுமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் அவர் சரிபார்த்ததில்லை.

அன்றிரவு கட்டிலில் படுத்தபிறகு அந்தப் படிவங்கள் அவள் கண்முன் வந்தன. குடிவராத வீடுகளிலிருந்து பேன்ட்டை இறுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னவர்கள். அப்போதுகூட, கடையை விட்டுவிடு, தப்பு நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தானே திறந்தாள், கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தாள். கொஞ்ச நாள் போனது.

மற்ற இரண்டு கட்டடத்திலும் இருந்தவர்கள் விடியுமுன் கிளம்பி இருட்டியபின் வருகிறவர்கள். துணி கிழிந்தால் புதிது வாங்கி, கிழிந்ததை வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுப்பார்கள். வேலைக்கு வருகிற பெண்கள்தான் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அவர்களிடம் கூலி கேட்க நாத்தனாருக்கு வாய் வராது. “பாவம் அண்ணி, அதுங்ககிட்ட எப்படி வாங்கறது?” என்பாள். ஆசிரியை போகும்போதெல்லாம் கடையில் ஏதாவது ஒரு துணியைக் கொடுத்துவிட்டு வருவாள். நல்லாயிருக்கிற துணியைக்கூடத் தையலைப் பிரித்துக் கொண்டுபோனாள்.

கணவர், “வியாபாரம்னா ஆரம்பத்துல அப்படித்தான். ரிப்போர்ட்ல ஓடும்னு இருக்குல்ல?” என்று தங்கையைத் தேற்றுவார். அந்த ரிப்போர்ட்டை அவர் பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் வைத்திருந்தார்.

வாடகை நிலுவையாகிக் கடையைக் காலி செய்யச் சொன்னார்கள். அதே சமயத்தில் பூட்டுக்காரப் புருஷன் ஆள் அனுப்பினான். மாறிவிட்டானாம். வந்தால் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வானாம்.

நாத்தனார் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அங்கிருந்து புருஷன் வீட்டுக்குப் போவதாக முடிவு. கூடத்திலேயே படுத்துக்கொண்டாள். மேஜை போட்ட அந்த அறைக்குள் அவள் ஒருமுறைகூடப் போகவில்லை.

“இன்னொரு தடவை யோசிம்மா” என்றார் அண்ணன்.

“யோசிச்சுட்டேன்ணா. எனக்கு ராசி இல்ல, அவ்வளவுதான். படிச்ச பிள்ளைங்க விசாரிச்சு, நல்லா ஓடும்னு சொல்லி, அப்படியும் ஓடலைன்னா என் கையிலதானே கோளாறு?”

ஆசிரியை சமையலறையில் நின்று கேட்டாள்.

அந்த வாரமே மேனேஜர் கல்லூரிக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்திருந்தான். இனிப்புப் பெட்டியை மேஜையில் வைத்தான்.

“இப்ப எனக்குக் கீழ பசங்க இருக்காங்க மேடம். ஃபார்மைத் தொட்டுப் பார்த்தே சொல்லிடுவேன், போனானா, உக்காந்து எழுதினானான்னு. எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான்.”

“பொய்யா எழுதினா என்ன பண்ணுவே?”

“தேவையைப் பொறுத்து மேடம்.” சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அன்னைக்கு எங்களையும் நீங்க கண்டுபிடிச்சுட்டீங்கன்னு எனக்குத் தெரியும். கண்டுக்காம விட்டீங்களே, அதை நான் மறக்கவே மாட்டேன். நீங்க மட்டும் அன்னைக்குக் கிழிச்சிருந்தா நான் இன்னைக்கு இந்த வேலையில இல்ல.”

வாசல்வரை போய்த் திரும்பி, “அக்கா கடை எப்படிப் போகுது மேடம்?” என்று விசாரித்தான்.

“போகுது” என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் வண்டி பிடிக்கப் போயிருந்தார். ஆசிரியை செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் கையில கோளாறு இல்ல. அந்தப் பிள்ளைங்க போகவே இல்ல. எல்லாம் உக்காந்து எழுதினது. நான் பார்த்தேன். பார்த்ததும் தெரிஞ்சுது.”

நாத்தனார் ஒரு சேலையை நான்காக மடித்து, மறுபடி பிரித்து, சரியாக மடித்தாள்.

“தெரியும் அண்ணி.”

“என்ன தெரியும்?”

“கடைக்கு முன்பணம் குடுக்கப் போனேன்ல, அன்னைக்கே பார்த்தேன். மூணாவது பில்டிங்ல ஆளே இல்ல. இந்தப் பையன் அங்கயும் முக்கால்வாசிப் பேர் தைச்சுப் போடறாங்கன்னு சொன்னான். உங்களுக்கா தெரியாது? நீங்க எப்பேர்ப்பட்ட ஆளு.”

“அப்புறம் ஏன் பணத்தைக் குடுத்தே?”

“நீங்க தெரிஞ்சுக்கிட்டே போலாம்னு சொல்றீங்கன்னா, போன்னு சொல்றீங்கன்னுதானே அர்த்தம்?”

அவள் குரலில் கோபம் இல்லை. கணக்கு சரியாக வந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். ஆசிரியைக்கு அவள் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அந்தக் கை பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தது.

“அங்க போகாதே. அந்த ரூமை எடுத்துக்கோ. மேஜையை இன்னைக்கே வெளியில போட்டுடறேன்.”

“நல்ல மேஜை அண்ணி. எதுக்கு வெளியில போடறீங்க?”

“நான் அண்ணன்கிட்ட சொல்றேன். நடந்ததெல்லாம் சொல்றேன். அவரே உன்னைப் போக விடமாட்டார்.”

அப்போதுதான் நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

“அதை மட்டும் பண்ணாதீங்க. அவரு வெகுளி. உங்க படிப்புமேல அவருக்கு அவ்வளவு மதிப்பு. அந்த ரிப்போர்ட்டைப் பத்தி மருந்துக்கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு, தெரியுமா?”

கீழேயிருந்து கணவர் குரல் கொடுத்தார். வண்டி வந்துவிட்டது, மெஷினை முதலில் இறக்கலாம், ஒரு கை பிடிக்க யாராவது வாங்க என்றார். நாத்தனார் எழுந்து ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் ஆசிரியை பிடித்தாள். இருவருமாகப் படியில் மெதுவாக இறக்கினார்கள்.

“பார்த்து அண்ணி” என்றாள் நாத்தனார், “உங்க பக்கம்தான் வெயிட்டு.”